பதில் வேண்டாத கடிதம்: டார்வின் - எம்மா குடும்பத் தாள்களின் கதை

1839ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மணமாகிச் சில வாரங்களே ஆகியிருந்த எம்மா டார்வின், லண்டன் அப்பர் கவர் தெருவில் தம்மோடு ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்த கணவர் சார்லஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். நிரூபிக்கப்படும் வரை எதையும் நம்பாமலிருக்கும் ஆராய்ச்சிப் பழக்கம், அவ்விதம் நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்கள் மனத்தை அளவுக்கு மீறி ஆட்கொண்டுவிடாதா என்று அதில் கேட்டார். உங்களைப் பற்றியது எல்லாம் என்னையும் பற்றியதுதான், நாம் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் உரியவர்களல்ல என்று நினைக்க நேர்ந்தால் எனக்குத் தாங்காது என்றார். இதற்கெல்லாம் நான் பதில் எதிர்பார்க்கவில்லை, எழுதுவதே ஆறுதலாக இருக்கிறது, நேரில் பேசும்போது சொல்ல நினைப்பதைச் சரியாகச் சொல்ல வருவதில்லை என்று முடித்தார். சார்லஸின் பதில் என்று நமக்குக் கிடைப்பது, அந்தக் கடிதத்திலேயே பின்னொரு நாள் அவர் கையால் எழுதி வைத்த ஒரு வரிதான்: “நான் இறந்த பிறகு, இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அறிந்துகொள்.”

பரிணாமக் கோட்பாட்டைத் தந்த மனிதரின் தாள்கள் என்பதால், டார்வின் குடும்பத்தின் கடிதங்களையும் குறிப்புகளையும் அறிவியல் வரலாற்றின் மூலங்களாகவே பெரும்பாலோர் அணுகுகிறார்கள். அது தவறில்லை, ஆனால் அப்படி மட்டும் படித்தால் பாதிதான் கைக்கு வரும். நாற்பத்து மூன்று ஆண்டுகள் நீடித்த ஒரு தாம்பத்தியத்தில், வாயால் பேச முடியாமல் போனவை தாளில் பேசப்பட்டன. அவற்றில் எது எரிய வேண்டும், எது பெட்டிக்குள் கிடக்க வேண்டும், எது அச்சேற வேண்டும் என்பதைப் பெருமளவுக்கு அந்த வீட்டுப் பெண்களே தீர்மானித்தார்கள். நம் கைக்கு வந்திருக்கும் ஒவ்வொரு தாளிலும் எழுதியவரின் கையோடு, அதை வைத்துக்காத்தவரின் கையும் இருக்கிறது. இந்த இரண்டாவது கையைக் கவனிக்காமல் டார்வினை முழுமையாகப் படித்துவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் உறவைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் இதை விளக்கப் பல வரிகள் பிடிக்கும்; தமிழில் ஒரே சொல் போதும். எம்மா, சார்லஸுக்குத் தாய்மாமன் மகள். சார்லஸின் தாய் சூசன்னா, புகழ்பெற்ற பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட்டின் மகள். எம்மாவின் தந்தையான இரண்டாம் ஜோசையா, சூசன்னாவின் உடன்பிறந்தவர். எம்மா 1808 மே 2 அன்றும், சார்லஸ் 1809 பிப்ரவரி 12 அன்றும் பிறந்தவர்கள். ஆக, மணமகள் சில மாதங்கள் மூத்தவர். இவர்களின் திருமணத்துக்கு முன்பே, 1837இல், சார்லஸின் அக்காள் கரோலின், எம்மாவின் அண்ணன் மூன்றாம் ஜோசையாவை மணந்திருந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள் என்று நம் ஊரில் சொல்வார்களே, அப்படி. எம்மாவின் ஒரு சித்தப்பா முறைக்காரர் பம்பாயில் நீதிபதியாக இருந்த சர் ஜேம்ஸ் மாக்கின்டாஷ். இன்னொருவர் ஜெனீவாவின் வரலாற்றாசிரியர் சிஸ்மோண்டி. இருவரும் எம்மாவின் தாயுடன் பிறந்த சகோதரிகளை மணந்தவர்கள். செல்வமும் படிப்பும் அரசியல் தொடர்பும் ஒன்றாகக் கூடியிருந்த இந்தக் குடும்பங்களில், அத்தைகளும் அக்காமார்களும் ஊர் ஊராக எழுதிக்கொண்ட கடிதங்களே உறவைக் கட்டிக்காத்தன. ஒருவருக்கு வந்த கடிதத்தை மற்றவர்கள் வாங்கிப் படிப்பதும், அதிலேயே ஒரு குறிப்பைச் சேர்த்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவதும் அங்கே வழக்கம்.

தாய்மாமன் வீட்டிலிருந்து வந்த ஒரு கடிதம் சார்லஸின் வாழ்க்கையையே திருப்பியிருக்கிறது. 1831 ஆகஸ்டில், உலகைச் சுற்றி ஆய்வுப் பயணம் புறப்படவிருந்த பீகிள் கப்பலில் செல்லும் வாய்ப்பு வந்தபோது அவருடைய தந்தை, மருத்துவர் ராபர்ட் டார்வின், அதற்கு உடன்படவில்லை. பாதிரியாராகப் போகிறவனின் மரியாதைக்கு இது ஒத்துவராது, காட்டுத்தனமான திட்டம், பயனற்ற வேலை என்று காரணங்களை அடுக்கினார். ஆனால் உலக அறிவுள்ள யாரேனும் ஒருவர் போகச் சொன்னால் நானும் சம்மதிக்கிறேன் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தார். சார்லஸ் மாமன் வீட்டுக்குப் போய்த் தந்தையின் ஆட்சேபங்களை எட்டாக எண்ணிட்டு எழுதிக் கொடுத்தார். ஜோசையா மாமா ஆகஸ்ட் 31 அன்று, ஒவ்வோர் எண்ணுக்கும் நிதானமாகப் பதில் எழுதினார். அந்தப் பட்டியலும் அந்தப் பதிலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. பின்னாளில் பரிணாமக் கோட்பாட்டுக்கு வித்திட்ட கலபகோஸ் தீவுகளுக்குப் போன பாதை, ஒரு குடும்பப் பஞ்சாயத்தின் வழியாகத்தான் சென்றது என்பதை அந்த இரண்டு தாள்கள் இல்லாவிட்டால் இத்தனை துல்லியமாக நாம் அறிந்திருக்க மாட்டோம்.

1836 அக்டோபரில் ஊர் திரும்பிய சார்லஸ், 1838இல் ஒரு துண்டுத் தாளை எடுத்து இரண்டு பத்திகளாகப் பிரித்து, ஒரு பக்கம் “மணம்” என்றும் மறுபக்கம் “மணமின்மை” என்றும் தலைப்பிட்டார். மணந்தால் பிள்ளைகள், முதுமையில் துணை, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர், எப்படியும் நாயை விடச் சிறந்த துணை. மணக்காவிட்டால் விரும்பிய இடத்துக்குப் போகும் சுதந்திரம், கிளப்புகளில் அறிவாளிகளோடு பேச்சு, புத்தகம் வாங்கக் கையில் பணம். முடிவில் மணமே என்று மூன்று முறை எழுதி, கணித நிரூபணத்தை முடிப்பதுபோல் முடித்தார். இந்தத் தாள் உலகெங்கும் வேடிக்கையாக மேற்கோள் காட்டப்படுகிறது. எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. அதில் எந்தப் பெண்ணின் பெயரும் கிடையாது. மனைவி என்கிற இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதை எழுதிய அதே மனிதர், நான்கு மாதங்கள் கழித்து எம்மா சம்மதம் சொன்ன நவம்பர் 11ஆம் தேதியை “நாட்களில் சிறந்த நாள்” என்று தம் நாட்குறிப்பில் பதிந்தார். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படிக்கிறவருக்குத்தான் அந்த நான்கு மாதங்களின் தூரம் புரியும்.

மத நம்பிக்கையில் தமக்கு எழுந்திருந்த ஐயங்களை மனைவியிடம் காட்டாமல் மறைத்துவிடு என்று தந்தை அறிவுரை சொல்லியிருந்ததைச் சார்லஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் மறைக்கவில்லை. நிச்சயமான சில நாட்களுக்குள் எம்மாவிடம் சொல்லிவிட்டார். அதற்கு எம்மா நவம்பரிலேயே எழுதிய பதில் நமக்குக் கிடைத்திருக்கிறது: மனசாட்சியோடு கூடிய நேர்மையான ஐயம் பாவமாக இருக்க முடியாது என்று அறிவு சொல்கிறது, ஆனால் நமக்கிடையே அது வேதனை தரும் ஒரு வெறுமையாக இருக்கும் என்று மனம் சொல்கிறது, நீங்கள் ஒளிக்காமல் சொன்னதற்கு நெஞ்சார நன்றி. யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தின் முடிவில் தொடங்கும், இயேசு சீடர்களிடம் விடைபெறும் பகுதியைத் தமக்காகப் படிக்குமாறும் கேட்டுக்கொண்டார். எம்மா கண்டிப்பான மதவாதி அல்லர். 1832இல் அவருக்கு நேர் மூத்தவரான அக்காள் ஃபேனி இறந்துபோனார். இருவரும் இணைபிரியாமல் வளர்ந்தவர்கள். மறுமையில் அக்காளைக் காண்போம் என்ற நம்பிக்கையைப் பற்றிக்கொண்டு வாழ்ந்த பெண்ணுக்கு, கணவர் அந்த மறுமையில் இல்லாமல் போய்விடுவாரோ என்பது தத்துவக் கேள்வியாக இருக்க முடியாது. 1839 ஜனவரி 29 அன்று மேர் ஊர்த் தேவாலயத்தில் மணம் நடந்தது. அடுத்த சில வாரங்களில் எழுதப்பட்டதுதான், தொடக்கத்தில் சொன்ன அந்தப் பதில் வேண்டாத கடிதம்.

1842இல் அவர்கள் லண்டனை விட்டு, கென்ட் மாவட்டத்தின் டவுன் என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கிருந்து 1844 ஜூலை 5 அன்று சார்லஸ் எழுதிய கடிதம், கணவன் மனைவிக்கு எழுதிய உயில் போன்றது. உயிரினங்கள் மாறுகின்றன என்ற தம் கோட்பாட்டின் வரைவை இப்போதுதான் முடித்தேன், தகுதியுள்ள ஒரே ஒருவர் ஏற்றாலும் அது அறிவியலில் ஒரு பெரிய அடியாக இருக்கும், நான் திடீரென்று இறந்துவிட்டால் 400 பவுண்டு ஒதுக்கி அதை வெளியிட வேண்டும் என்பது என் கடைசி வேண்டுகோள் என்று எழுதி, பதிப்பிக்கத் தகுந்தவர்களின் பெயர்களையும் சொன்னார். பத்தாண்டுகள் கழித்து, அந்தப் பணிக்கு மிகவும் பொருத்தமானவர் தாவரவியலாளர் ஹூக்கர்தான் என்று அதிலேயே குறித்தும் வைத்தார்.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். எந்தக் கோட்பாடு தம் கணவரை மறுமையிலிருந்து விலக்கிவிடுமோ என்று எம்மா அஞ்சினாரோ, அதே கோட்பாட்டை உலகுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு எம்மாவிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர் தட்டாமல் செய்வார் என்பதில் சார்லஸுக்கு ஐயமே இல்லை. எம்மா அந்த வரைவைப் படித்தார் என்பதற்கும் தடயம் உண்டு. மனிதக் கண் போன்ற உறுப்பு சிறு சிறு மாற்றங்களால் படிப்படியாக உருவாகியிருக்கலாம் என்று சொல்லும் இடத்தின் ஓரத்தில், “பெரிய ஊகம்” என்று அவருடைய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. சார்லஸின் கோட்பாட்டை முதலில் படித்த விமர்சகர்களில் ஒருவர் அவருடைய மனைவி. அதுவும், 1859இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூல் வெளிவந்த பிறகு எதிரிகள் எந்த இடத்தில் கைவைத்தார்களோ, சரியாக அந்த இடத்தில் கைவைத்தவர்.

அந்த வரைவு அலமாரியில் பதினான்கு ஆண்டுகள் இருந்தது. 1858 ஜூனில், தூரக்கிழக்குத் தீவுகளில் இருந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் அதே கருத்தைத் தாமாகவே கண்டறிந்து சார்லஸுக்கு எழுதி அனுப்பினார். அந்த மாதம் 28ஆம் தேதி சார்லஸ் - எம்மா தம்பதியின் கடைசிக் குழந்தை, ஒன்றரை வயதுச் சார்லஸ் வாரிங், காய்ச்சலில் இறந்தான். துக்க வீட்டிலிருந்து தாள்கள் லண்டனுக்குப் போயின. ஜூலை 1 அன்று, இயற்கையியல் அறிஞர்களின் அமைப்பான லின்னேயன் சங்கத்தில் வாலஸின் கட்டுரையோடு, 1844 வரைவின் பகுதியும் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேவுக்குச் சார்லஸ் எழுதிய கடிதத்தின் பகுதியும் வாசிக்கப்பட்டன. முந்தியவர் யார் என்ற வழக்கில் சாட்சி சொன்னவை வீட்டுக்குள் இருந்த தாள்கள்தாம். வாலஸ் அனுப்பிய அந்த மூலக் கடிதமோ இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்தத் தாள்களிலேயே படிக்க மிகக் கடினமானவை 1851 ஏப்ரலில் எழுதப்பட்டவை. மூத்த மகள் அன்னிக்குப் பத்து வயது. உடல் நலிந்திருந்த அவளை நீர் மருத்துவத்துக்குப் பேர்பெற்ற மால்வெர்னில், மருத்துவர் கல்லியிடம் விட்டிருந்தார்கள். நிலைமை மோசமானதும் சார்லஸ் ஓடினார். எம்மாவால் போக முடியவில்லை. அவர் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். எனவே ஒரு வாரம் தந்தை மருத்துவமனைச் செவிலி போல நாடித் துடிப்பையும், விழுங்கிய கஞ்சியின் அளவையும், வாந்தியையும் நேரம் குறித்து எழுதிக்கொண்டே இருந்தார். கடிதம் மறுநாள்தான் வீடு சேரும். எம்மா பிரித்துப் படிக்கும்போது அதிலிருந்த செய்தி பழையதாகியிருக்கும். அதற்கு அவர் எழுதும் பதில் இன்னும் பின்தங்கிப் போய்ச் சேரும். 23ஆம் தேதி நண்பகல் 12 மணிக்கு அவள் அமைதியாக, இனிமையாகக் கடைசி உறக்கத்துக்குப் போனாள் என்று சார்லஸ் எழுதினார். இனி நாம் ஒருவருக்கொருவர் இன்னும் அதிகத் துணையாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார். மறுநாள் எம்மா, இழந்த செல்வத்தின்மீதுள்ள ஏக்கத்தில் மற்றப் பிள்ளைகள்மேல்கூட மனம் செல்லவில்லை, ஆனால் அது சரியாகிவிடும், என் முதல் செல்வம் நீங்கள்தான், எப்போதும் நீங்கள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள் என்று எழுதினார்.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 30 அன்று, சார்லஸ் தமக்காகவே அன்னியைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். தண்ணீர் கொடுத்தபோது அவள் நன்றி சொன்னதே தன்னோடு அவள் பேசிய கடைசிச் சொற்கள் என்று அதில் பதிந்திருக்கிறார். அந்தப் பக்கங்கள் அச்சுக்காக எழுதப்பட்டவை அல்ல. எம்மா தம் பங்குக்குச் செய்தது வேறு: அன்னியின் சிறிய எழுதுபெட்டியில் அவளுடைய பேனாக்கள், ஊசி நூல், ஒரு கொத்துத் தலைமுடி ஆகியவற்றை எடுத்து வைத்தார். பல தலைமுறைகளுக்குப் பிறகு, குடும்பத்தாரின் உடைமைகளுக்கிடையே அந்தப் பெட்டி அப்படியே கண்டெடுக்கப்பட்டது. தந்தை எழுதி வைத்தார். தாய் எடுத்து வைத்தார். இந்த ஆவணத் தொகுப்பு முழுவதுமே இந்த இரண்டு செயல்களால் ஆனது என்று சொல்லலாம்.

துயரம் மட்டுமே இந்தத் தாள்களில் இல்லை. எம்மா 1839இல் தொடங்கிய சமையல் குறிப்பேடு ஒன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அதில் ஒரு குறிப்பு சார்லஸின் கையெழுத்தில் உள்ளது. அரிசி வேகவைக்கும் முறை. தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதி வந்ததும் அரிசியைக் கொட்டிக் கிளற வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 12 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, பானையைத் தணலின்மேல் 10 நிமிடம் வைக்க வேண்டும். நம் வீடுகளில் கஞ்சி வடித்துச் சோற்றைத் தணலில் தம் போடும் அதே முறைதான். கடிகாரம் மட்டுமே டார்வினுடையது. கணவரும் மனைவியும் இரவுதோறும் பாக்கேமன் என்ற பகடை ஆட்டம் ஆடினார்கள். சார்லஸ் கணக்கு வைத்தார். 1876இல் ஏசா கிரேவுக்கு எழுதும்போது, எம்மா வென்றது 2490 ஆட்டங்கள், தாம் வென்றது 2795 என்று வெற்றிக் களிப்போடு தெரிவித்தார். இவற்றோடு பல்லாண்டு வரவு செலவுப் புத்தகங்களும், 1824 முதல் 1896 வரையிலான காலத்துக்கு எம்மாவின் அறுபது சிறிய பாக்கெட் டைரிகளும் உண்டு. டைரிகளில் உணர்ச்சி வாக்கியங்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். யார் வந்தார்கள், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், சார்லஸின் வயிறு எப்படி என்பவைதாம் அவற்றில் இருக்கின்றன. நாற்பதாண்டு நோயாளியான கணவரின் மருத்துவ வரலாற்றை இன்று ஆராய்கிறவர்களுக்கு அந்தச் சுருக்கக் குறிப்புகளைவிட நம்பகமான சான்று வேறில்லை.

தாள்கள் அழிந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். முன்பு நம் வீடுகளில் வந்த கடிதங்களை ஒரு கொக்கிக் கம்பியில் குத்தி உத்தரத்தில் மாட்டி வைப்பார்கள். கம்பி நிறைந்தால் பழையவை அடுப்புக்குப் போகும். சார்லஸும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தார். வந்த கடிதங்களைச் சில கம்பிகளில் குத்தி வைப்பார். கம்பிகள் தீர்ந்துவிட்டால், பல ஆண்டுக் கடிதங்களை மொத்தமாக எரித்துக் கம்பியை விடுவித்துக்கொள்வார். 1862க்கு முன் அவருக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இவ்வாறே போயின என்று மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். உலகின் தலைசிறந்த இயற்கையியலாளர்கள் அவருக்கு எழுதியவை, இரண்டு கம்பிகளுக்காக எரிந்தன! ஆனால் எம்மாவின் 1838, 1839 கடிதங்கள் எந்தக் கம்பியிலும் ஏறவில்லை. எதைத் தனியே எடுத்து வைத்தார் என்பதே அந்த மனிதர் எதை மதித்தார் என்பதற்குச் சாட்சி.

அவருடைய சொந்தக் கைப்பிரதிகளின் கதி இன்னும் விசித்திரமானது. உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெருநூல் அச்சானதும் அதன் கையெழுத்துத் தாள்களுக்கு வீட்டில் மதிப்பு இல்லாமல் போயிற்று. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் பிள்ளைகள் படம் வரைய எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்தக் கைப்பிரதியில் சில பத்துத் தாள்களே எஞ்சியிருக்கின்றன. எஞ்சியவற்றில் பல, பின்புறத்துப் படங்களுக்காக யாரோ எடுத்து வைத்ததால் தப்பியவை. ஒன்றின் பின்னால் வண்ணத்தில் காய்கறிகள்மேல் ஏறிச் சண்டையிடும் வீரர்கள் நிற்கிறார்கள். தந்தையின் கோட்பாட்டைப் பிள்ளைகளின் காரட் குதிரைப்படை காப்பாற்றியிருக்கிறது. 1842இல் சார்லஸ் பென்சிலில் எழுதிய முதல் சுருக்கமோ, 1896இல் எம்மா இறந்து வீட்டைக் காலி செய்தபோது, மாடிப்படிக்குக் கீழே, பயனற்ற தாள்களைப் போட்டு வைக்கும் அலமாரியில் அகப்பட்டது.

உறவுமுறைத் திருமணம் பற்றிய கவலையும் இந்தக் குடும்பத் தாள்களில் ஓர் இழையாக ஓடுகிறது. பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறுவயதில் இறந்தார்கள். மற்றவர்களும் அடிக்கடி நோயுற்றார்கள். தாவரங்களில் தன்மகரந்தச் சேர்க்கை சந்ததியை வலுவிழக்கச் செய்வதைப் பரிசோதித்துக்கொண்டிருந்த சார்லஸுக்கு, மாமன் மகளை மணந்த தம் வீட்டை நினைக்காமலிருக்க முடியவில்லை. 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதுபற்றி ஒரு கேள்வி சேர்க்கும்படி நாடாளுமன்ற உறுப்பினரான நண்பர் லப்பாக்கை 1870இல் வேண்டினார், நாடாளுமன்றம் ஏற்கவில்லை. பிறகு மகன் ஜார்ஜ் இதை ஆராய்ந்து 1875இல் கட்டுரை வெளியிட்டார். வசதியான வாழ்க்கையுள்ள குடும்பங்களில் தீங்கு அதிகமில்லை என்பது அவர் கண்ட முடிவு. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற சொற்கள் இன்றும் வழங்கும் நம் ஊரில், அந்தத் தந்தையின் கவலையைப் படித்து அறிய வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள்.

சார்லஸ் நோயால் துன்புற்ற 1861இல் எம்மா மீண்டும் ஒரு கடிதம் எழுதினார். உங்கள் வேதனையைப் பார்த்து நான் படும் வேதனைக்கு ஒரே ஆறுதல், அதை இறைவன் கையிலிருந்து வந்ததாக ஏற்றுக்கொள்வதுதான் என்றார். இருபத்திரண்டு ஆண்டு கழித்தும் அதே உரையாடல், அதே மென்மை. சார்லஸ் அதன் அடியிலும் ஒரு வரி எழுதினார்: “இறைவன் உன்னை ஆசீர்வதிக்கட்டும். 1861 ஜூன்.” இறைவனைப் பற்றிய ஐயம் தீராதவர், மனைவியின் மொழியிலேயே மனைவிக்கு வாழ்த்துச் சொல்கிறார். இருவரில் யாரும் மற்றவரைத் தம் பக்கம் இழுத்துவிடவில்லை. யாரும் தம் பக்கத்தை மறைத்துக்கொள்ளவும் இல்லை.

1876 மே 28 அன்று சார்லஸ் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதத் தொடங்கி ஆகஸ்ட் 3 அன்று முடித்தார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிப்பதற்காக எழுதிய அந்தரங்கத் தாள்கள் அவை. 1882 ஏப்ரல் 19 அன்று அவர் இறந்த பிறகு பிரான்சிஸ் அவற்றைக் கடிதங்களோடு சேர்த்து வெளியிட ஏற்பாடு செய்தபோதுதான் வீட்டுக்குள் புயல் எழுந்தது. நம்பாதவர்களுக்கு நித்திய நரகம் என்ற கொள்கை உண்மையானால் என் தந்தையும் அண்ணனும் நெருங்கிய நண்பர்கள் பெரும்பாலோரும் என்றென்றும் தண்டிக்கப்படுவார்கள், அது கொடிய கொள்கை என்று சார்லஸ் எழுதியிருந்த பகுதியைச் சுட்டி, இது அச்சாவதை நான் விரும்பவில்லை, பக்குவப்படாத பேச்சாக இருக்கிறது என்று எம்மா குறிப்பெழுதினார். அந்தக் கொள்கையை எவ்வளவு கடுமையாகச் சாடினாலும் தகும், ஆனால் இன்று மிகச் சிலரே அதைக் கிறிஸ்தவம் என்பார்கள் என்றும் சேர்த்தார். குழந்தை மனத்தில் பதிக்கப்பட்ட கடவுள் நம்பிக்கையைக் கைவிடுவது, குரங்கு பாம்பின்மேலுள்ள அச்சத்தைக் கைவிடுவது போலக் கடினம் என்ற வரியையும் நீக்கும்படி 1885இல் பிரான்சிஸிடம் கேட்டார். பிள்ளைகளும் இரண்டாகப் பிரிந்தனர். மகள் ஹென்றியெட்டா வழக்குப் போடுவதாகக்கூடப் பேசினார் என்று தம்பி லெனர்டு பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1887இல் வெளிவந்த பதிப்பில் அந்தப் பகுதிகள் இல்லை.

இதைத் தணிக்கை என்று சொல்லி எம்மாவைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது சுலபம். நான் அதை ஏற்கவில்லை. அவர் எதையும் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. அச்சிட வேண்டாம் என்று மட்டுமே கேட்டார், ஏன் என்பதையும் தம் கையால் எழுதி அதே தாள்களோடு விட்டுச்சென்றார். அந்தக் குறிப்பு இருந்ததால்தான், பேத்தி நோரா பார்லோ 1958இல் நீக்கப்பட்ட ஏறத்தாழ 6000 சொற்களையும் மீட்டு முழுப் பதிப்பை வெளியிட்டபோது, எது நீங்கியது என்பதோடு ஏன் நீங்கியது என்பதும் நமக்குத் தெரிந்தது. ஹென்றியெட்டாவும் வெறும் தடைபோட்டவர் அல்லர். தாயின் கடிதங்களையும் தாயுடைய சித்திமார் கடிதங்களையும் திரட்டி, 1904இல் உறவினர்களுக்காக இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். 1915இல் அவை பொதுமக்களுக்கும் வந்தன. ஒரு விஞ்ஞானியின் மனைவிக்கு, அவருடைய பெயரிலேயே ஒரு கடிதத் தொகுப்பு வேண்டும் என்று நினைத்த மகள் அவர்.

அதே 1915இல், டார்வின் மரணப்படுக்கையில் மனம் மாறிக் கிறிஸ்துவிடம் திரும்பினார் என்ற கதையை லேடி ஹோப் என்பவர் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் கிளப்பினார். 1922இல் ஹென்றியெட்டா அதை வெளிப்படையாக மறுத்தார்: என் தந்தையின் மரணப்படுக்கையில் நான் இருந்தேன், லேடி ஹோப் இல்லை. அந்தக் கடைசி நாட்களில் சார்லஸ் சொன்னவற்றை எம்மா ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். மரணத்துக்கு எனக்குச் சிறிதும் அச்சமில்லை; நீ எனக்கு எவ்வளவு நல்ல மனைவியாக இருந்தாய் என்பதை நினைவில் வைத்துக்கொள்; பிள்ளைகள் எனக்கு எவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள் என்று அவர்களிடம் சொல். கணவர் மனம் மாற வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் ஏங்கியவர் எம்மாதான். அப்படி ஒரு சொல் வந்திருந்தால், அதை எழுதிவைக்க அவரைவிட ஆவல் கொண்டவர் இருந்திருக்க முடியாது. அவர் எழுதியதில் அது இல்லை. கேட்டதை மட்டுமே எழுதினார்.

இன்று இந்தத் தாள்களின் பெரும்பகுதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. 1974இல் பிரெடெரிக் பர்க்ஹார்ட் தொடங்கிய கடிதப் பதிப்புத் திட்டம், உலகெங்கும் சிதறிக் கிடந்தவற்றைத் தேடி, 15,000க்கும் மேற்பட்ட கடிதங்களை 30 தொகுதிகளில் அரை நூற்றாண்டு உழைப்பில் முடித்திருக்கிறது. அவற்றை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். நூலகத்தில் இருந்தும் தாள்கள் காணாமல் போகும் என்பதற்கும் இந்தத் தொகுப்பிலேயே சான்று உண்டு. உயிரினங்களின் உறவைக் கிளைகளாகக் காட்டும் உயிர்மரத்தைச் சார்லஸ் முதன்முதலில் வரைந்த குறிப்பேடு உட்பட இரண்டு குறிப்பேடுகள் இடத்தில் இல்லை என்பது 2001இல் தெரியவந்து, 2020இல் அவை களவுபோனதாக அறிவிக்கப்பட்டன. 2022 மார்ச்சில் ஓர் இளஞ்சிவப்புப் பரிசுப் பையில், நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லும் உறையோடு, நூலக மாடியின் தரையில் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எம்மாவின் 1839ஆம் ஆண்டுக் கடிதமும் அதே நூலகத்தில்தான் இருக்கிறது. 1876இல் பிள்ளைகளுக்காக நினைவுகளை எழுதியபோது, அவர்களுடைய தாயைப் பற்றிச் சொல்லும் பக்கத்தில் சார்லஸ் அதை மறக்காமல் குறித்திருக்கிறார்: திருமணமான சிறிது காலத்தில் அவள் எனக்கு எழுதிய அழகான கடிதம், பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது.